ஏரிக்கரைக்குக் காவல் யார்?

பெரிய அணை ஒன்றில் விரிசல் கண்டதென்று வதந்தி எழுந்தால் போதும். தேசம் முழுதும் பரபரப்படைகிறது. சட்டசபையில் கேள்விகள் எழுகின்றன. நிபுணர்கள் விமானத்தில் வந்து இறங்குகின்றனர். இரண்டு ராஜ்யங்களின் மந்திரிகள் அறிக்கையும் எதிரறிக்கையும் விடுக்கின்றனர். இது வேண்டாததென்று நாம் கூறவில்லை. ஆயின் கிராமத்து ஏரிக்கரையில், மதகுக்குப் பக்கத்தில், விரற்கடை அகலத்தில் ஒரு கசிவு தோன்றி, தெளிந்து வந்த நீர் ஒரு நாள் கலங்கி வரத் தொடங்கினால், அதைக் கண்ணால் கண்டு சொல்லுவதற்கு யார் இருக்கின்றார்? கண்டவர் சொன்னால் கேட்பதற்கு யார் இருக்கின்றார்? சிற்றணைகளையும் ஏரிகளையும் பற்றி இன்று நாம் எழுப்ப விரும்பும் கேள்வி இதுவேயாகும்.

2019ம் வருஷம் ஜூலை 2ந் தேதி இரவு மகாராஷ்டிர ராஜ்யம் இரத்தினகிரி ஜில்லாவில் சிப்ளூண் தாலுகாவைச் சேர்ந்த திவரே என்னும் கிராமத்தில் நடந்ததை நேயர்கள் பலர் மறந்திருக்கக்கூடும். மலையடிவாரத்தில் சிறு பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட மண் அணை அது. கொங்கணத்து மழையில் நிரம்பியிருந்த அணை, ஜனங்கள் இராச் சாப்பாட்டை முடித்திருக்கும் நேரத்தில் உடைந்தது. அடியிலிருந்த வீடுகள் இருந்த இடந்தெரியாமற் போயின. சுமார் இருபது பேர் மாண்டனர். அணையில் கசிவு இருந்ததென்றும், அதை அதிகாரிகளிடம் முன்னரே தெரிவித்திருந்ததாகவும் கிராமவாசிகள் கூறினர். அந்த ராஜ்யத்தின் நீர்வளப் பாதுகாப்பு மந்திரியோ, கரையை நண்டுகள் துளைத்துவிட்டன என்றார்.

நண்டின்மேற் பழி போட்ட மந்திரியைத் தேசம் நகைத்தது. நாமும் நகைத்தோம். எனினும் நகைப்பு அடங்கியபின் நிதானமாக யோசித்துப் பார்த்தால் நண்டு முற்றிலும் நிரபராதி என்று சொல்லிவிடுவதற்கில்லை. நண்டு வளையும் எலி வளையும் ஏரிக்கரைக்குப் பகையென்பதை நம் குடியானவர்கள் எந்த எஞ்சினீயரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. வளை தோண்டுவது நண்டின் இயல்பு; அது பருவந்தோறும் தோண்டும். அந்த வளையைத் தேடிக் களிமண் இட்டுக் கெட்டிப்பது மனிதனுடைய வேலை. அந்த வேலைக்கு ஆள் இருந்தானா என்பதே மந்திரியிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நண்டு துளைத்தது உண்மையாயின், துளைத்த நாள்வரையில் ஒருவரும் கரையைப் பார்க்கவில்லை என்பதும் உண்மையாகிறது. மந்திரி கூறிய சமாதானமே அவருடைய இலாகாவின்மீது குற்றப்பத்திரிகையாக அமைந்துவிட்டது.

மண் கரை எவ்வாறு உடைகிறதென்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வழிகள் இரண்டு முக்கியமானவை. ஒன்று, வெள்ளம் கரையின் தலைமேல் ஏறிப் புரளுவது. கல்லணையின்மேல் நீர் வழிந்தால் அது நிற்கும். மண் கரையின்மேல் ஒரு சாண் நீர் சில நாழிகை வழிந்தால் வெளிச்சரிவு அரிக்கப்பட்டுக் கரை வெட்டுண்டு போகும். 1977ல் நமது ராஜ்யத்திலேயே வேடசந்தூருக்கு அருகிலுள்ள குடகனாறு அணை, வெள்ளம் மேலேறிப் புரண்டு உடைந்தது. இந்த ஆபத்தைத் தடுப்பதற்காகவே முன்னோர் கலிங்கு அமைத்தனர். கொள்ளளவுக்கு மேற்பட்ட நீர் கரையைத் தீண்டாமல் கலிங்கின் வழியே போக்குக்காலில் இறங்கி அடுத்த ஏரியை அடைய வேண்டும். கலிங்கின் மட்டத்திற்கும் கரையின் தலைக்கும் இடையிலுள்ள உயரந்தான் கீழேயுள்ள ஊரின் ஆயுள்.

மற்றொரு வழி இதைக்காட்டிலும் மர்மமானது. மழையே இல்லாத நாளிலும் அது நேரும். கரைக்குள்ளே புகும் நீர் வேரோடிய துவாரத்தின் வழியாகவோ, வளையின் வழியாகவோ, கட்டிடமும் மண்ணும் சேருமிடத்திலோ மெல்ல வழி தேடும். மதகின் பக்கச்சுவரை ஒட்டியுள்ள மண்ணே அதற்கு மிகவும் இஷ்டமான இடம். கசிவு தெளிவாயிருக்கும்வரையில் அவ்வளவு பயமில்லை. கலங்கி வருகிறதென்றால், கரையின் உள்ளிருந்து மண்ணைச் சுமந்துகொண்டு வருகிறதென்று பொருள். அப்புறம் நாட்கணக்கில்லை, மணிக்கணக்குத்தான். ஈழத்தில் திருகோணமலை ஜில்லாவிலுள்ள கந்தளாய்க் குளம் 1986ம் வருஷம் ஏப்ரல் 20ந் தேதி விடியுமுன் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. பல நூற்றாண்டு நின்ற பழங்குளம் அது. பழமை எந்தக் கரைக்கும் காவலாகாது.

தெளிந்த கசிவுக்கும் கலங்கிய கசிவுக்கும் உள்ள பேதத்தை அறிய விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஒரு மனிதன் கரையடியில் தினம் நடந்து, நேற்றுப் பார்த்ததையும் இன்று பார்த்ததையும் ஒப்பிட வேண்டும். வருஷத்திற்கு ஒரு முறை ஜீப்பில் வந்து போகும் உத்தியோகஸ்தருக்கு, அவர் எவ்வளவு படித்தவராயினும், இந்த அறிவு கிட்டாது.

இனிச் சட்டத்தின் பக்கம் திரும்புவோம். 2021ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் பார்லிமெண்டு அணைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அம்மாதம் 30ந் தேதி அது அமலுக்கு வந்தது. மழைக்கு முன்னும் பின்னும் அணைகளைப் பரிசோதிக்க வேண்டும். ஆபத்துக் காலத்தில் செய்ய வேண்டியவற்றை எழுதி வைத்திருக்க வேண்டும். ஐந்து வருஷத்திற்குள் சுயேச்சையான நிபுணர் குழுவைக்கொண்டு முழுமையாக மதிப்பிட வேண்டும் என்றெல்லாம் அதில் விதிகள் உள்ளன. உத்தரவை மீறுவோருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு. ராஜ்யங்களின் உரிமையில் மத்திய சர்க்கார் தலையிடுகிறதென்று தமிழ் நாட்டிலிருந்து எழுந்த ஆட்சேபத்தை நாம் அறிவோம். அது தனி விஷயம். இன்று நமக்கு முக்கியமானது, இச்சட்டம் எதை அணையென்று கருதுகிறது என்பதே.

உயரம் 15 மீட்டருக்கு மேற்பட்டிருந்தால் அது சட்டத்திற்கு உட்பட்ட அணை. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளதாயின் நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் என்பன போன்ற நிபந்தனைகளில் ஏதேனும் ஒன்று பொருந்த வேண்டும். 10 மீட்டருக்குக் குறைந்ததா? அது எவ்வளவு நீளமாயினும், எவ்வளவு நீரைத் தாங்கினும், அதன் அடியில் எத்தனை வீடுகள் இருப்பினும், இச்சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது.

தமிழ் நாட்டில் 39,000க்கு மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. அவற்றின் கரைகளில் மிகப் பெரும்பாலானவை பத்து மீட்டர் உயரத்தை எட்டாதவை. ஆயின் உயரம் குறைவென்பதால் ஆபத்தும் குறைவென்று சொல்ல முடியுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு ஏக்கர் பரப்புள்ள சாதாரண ஏரியொன்றில் சராசரி இரண்டு மீட்டர் ஆழத்திற்கு நீர் நிற்கிறதென்று வைத்துக்கொண்டால், அந்நீரின் அளவு எட்டு லட்சம் கன மீட்டர். எடை எட்டு லட்சம் டன். இந்தப் பாரத்தைத் தாங்கி நிற்பது வெறும் மண். முற்காலத்தில் அதன் கீழே நெல் வயல்கள் இருந்தன. கரை உடைந்தால் பயிர் போயிற்று, அடுத்த போகம் வந்தது. இப்போது பல ஊர்களில் அதே வயலில் மனைப்பிரிவுகளும் பள்ளிக்கூடங்களும் எழுந்துள்ளன. ஏரி பழைய ஏரி, கரை பழைய கரை. கீழேயுள்ள உயிர்கள்தாம் பெருகியுள்ளன. உயரத்தை அளக்கும் சட்டம் உயிர்களை எண்ணவில்லை என்பது நமது முதல் ஆட்சேபம்.

ராஜ்ய சர்க்கார்கள் தாமே முன்வந்து இக்குறையை நிரப்பலாமே என்று கேட்கலாம். நிரப்பலாம், தடையொன்றுமில்லை. ஆனால் நடைமுறையோ வேறு. நமது ராஜ்யத்தில் 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள ஏரிகள் நீர்வள இலாகாவின் வசமும், அதற்குக் குறைந்தவை பஞ்சாயத்து யூனியன்கள் வசமும் இருக்கின்றன. இலாகா ஏரிகளில் கரையையும் மதகையும் பார்த்துக்கொள்ள லஸ்கர் என்ற சிப்பந்தி உண்டு. ஒருவருக்கே பல ஏரிகள், ஓய்வு பெற்றவரின் இடம் காலியாகவே கிடக்கிறது என்பது விவசாயிகளின் குறைதீர் கூட்டங்களில் ஓயாமற் கேட்கும் புகார். யூனியன் வசமுள்ள சிற்றேரிகளில் அந்த அளவு காவலைக்கூடக் காண்பது அரிது. ஏரி எவ்வளவுக்கெவ்வளவு சிறிதோ, அவ்வளவுக்கவ்வளவு அதற்கு எஜமானன் இல்லை.

இந்நிலை ஒரே நாளில் வந்ததன்று. சோழர் காலத்தில் உத்தரமேரூர்ச் சபையில் ஏரி வாரியம் என்ற தனிக் குழு இருந்ததைப் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக் கூறுகிறது. அதைச் சொல்லி மார்தட்டிக்கொள்ள நாம் இங்கே வரவில்லை. மார்தட்டிக்கொள்வதில் கரை பலப்படுவதில்லை. பிற்காலத்தில் கிராமந்தோறும் நீராணி, நீர்க்கட்டி, மடைக் குடும்பன் எனப் பல பெயர்களில் ஒருவன் இருந்தான். மதகு திறப்பதும், மழை இரவில் கையில் விளக்கோடு கரைமேல் நடப்பதும், உடைப்பு எடுக்கும்போல் இருந்தால் பறையறைந்து ஊரைத் திரட்டுவதும் அவன் கடமை. களத்தில் அளக்கும் நெல் அவன் கூலி. அநேக ஊர்களில் அவன் சேரியில் வசித்தவன். அவனுக்குக் கரையின்மேல் கடமை இருந்ததேயன்றி அக்கரை காத்த நீரில் பாத்தியதை இல்லை. அவனுக்குச் சொந்த நிலம் ஒரு குழிகூட இல்லாத ஊர்களே அதிகம். ஆகவே பழைய ஏற்பாட்டை அப்படியே மீட்க வேண்டுமென்று சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. அவன் பிள்ளைகள் அத்தொழிலைத் துறந்தது நியாயமே. அவன் விட்டுச் சென்ற வேலையை யாருக்கும் ஒப்படைக்காமல் விட்டதுதான் அநியாயம்.

அந்நிய ஆட்சியினர் இதைத் தம் போக்கில் தீர்க்க முயன்றனர். குடிமராமத்து என்ற ஊர் வழக்கத்தை 1858ம் வருஷத்திய கட்டாய உழைப்புச் சட்டத்தின் மூலம் தண்டனைக்குரிய கடமையாக்கினர். வரியையும் வசூலித்துக்கொண்டு, வேலையையும் குடிகளின் தலையில் கட்டிய அச்சட்டம் அநேகமாக ஏட்டிலேயே தங்கிவிட்டது. 1883ல் ஏரி மராமத்துத் திட்டம் ஒன்று தொடங்கி ஏரிகளை அளந்து படங்களும் விவரங்களும் எழுதினர். அது நல்ல வேலையென்பதை ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கமில்லை. சுயராஜ்யம் வந்தபின் நமது கவனம் பெருந்திட்டங்களின்பால் சென்றது. தேசத்தின் பசியைத் தீர்க்க அது வேண்டியதாயிருந்தது. ஆனால் பெரிய அணைக்கு எஞ்சினீயரும் சின்ன ஏரிக்குக் கடவுளும் காவல் என்ற பிரிவினை அன்றே ஏற்பட்டுவிட்டது.

2017ல் தமிழ் நாட்டுச் சர்க்கார் குடிமராமத்தை ரூ. 100 கோடியில் புதுப்பித்தது. பின்னரும் பல கோடிகள் செலவாயின. ஏரிகள் தூர் வாரப்பட்டதை நாம் வரவேற்றோம், இப்போதும் வரவேற்கிறோம். ஆயினும் ஒரு விஷயத்தை மறைக்காமற் சொல்லியாக வேண்டும். தூர் வாருவதில் மண் லாரியில் ஏறுகிறது, லாரிகளை எண்ணலாம், மண்ணுக்கு விலையும் உண்டு. மதகின் பின்புறம் மண் கெட்டிப்பதிலும், கலிங்கின் கீழே பெயர்ந்த கல்லைப் பதிப்பதிலும், போக்குக்காலை ஆக்கிரமித்தவனை எழுப்புவதிலும் எண்ணுவதற்கு லாரியும் இல்லை, விற்பதற்கு மண்ணும் இல்லை. கரையின் உள்ளடியை ஒட்டி ஆழமாகத் தோண்டினால் கரைக்குக் கால் போய்விடும் என்பது தெரிந்திருந்தும், வண்டல் எடுக்கும் அவசரத்தில் அவ்வாறு தோண்டிய இடங்கள் இல்லையென்று எவரும் சத்தியம் செய்யமாட்டார்கள்.

இந்தத் தோஷம் முழுதும் சர்க்காருடையதே என்று சொல்லிவிட்டால் நேயர்களுக்கு இனிமையாயிருக்கும், உண்மைக்கு விரோதமாயிருக்கும். கலிங்கின்மேல் மணல் மூட்டைகளை அடுக்கி அரை அடி நீரைக் கூடுதலாகத் தேக்க விரும்புவது யார்? ஆயக்கட்டுதாரர்களான நாமே. அந்த அரை அடி நீர் கடைமடைப் பயிரைக் காக்குமென்பது மெய்தான். ஆனால் அந்த அரை அடி, கரைமேல் வெள்ளம் ஏறாதபடி விடப்பட்ட இடத்திலிருந்து திருடப்பட்டது என்பதும் மெய். ஏரி நிரம்பியதும் மூட்டைகளை எடுப்பது யாரென்று எந்த ஊரிலும் தீர்மானிப்பதில்லை. போக்குக்காலில் வீடு கட்டியவனும் அந்நியனல்லன். 2007லேயே ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் ராஜ்யச் சட்டம் உண்டாயிற்று. ஏழையின் குடிசையை அகற்றுவதில் அச்சட்டம் காட்டும் வேகத்தைச் சர்க்கார் கட்டிடங்களும் பஸ் நிலையங்களும் நீர்நிலைகளில் நிற்குமிடத்தில் நாம் காணவில்லை.

2023ம் வருஷம் டிசம்பர் 17, 18ந் தேதிகளில் தென் ஜில்லாக்களில் பெய்த மழையைச் சொன்னால், ‘இயற்கையின் சீற்றத்திற்கு யார் என்ன செய்ய முடியும்?’ என்ற பதில் தயாராக வரும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர் பெய்தது. தூத்துக்குடி ஜில்லாவில் வருஷம் முழுதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். அத்தகைய மழைக்கெனக் கட்டப்பட்ட ஏரி எதுவும் நம் நாட்டில் இல்லை. ஏரிகள் பல உடைந்தன. கோரம்பள்ளம் குளத்து உடைப்பினால் தூத்துக்குடி நகரத்தில் வெள்ளம் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலொன்று நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு நாட்கணக்கில் நின்றது. அம்மழையில் எல்லாக் கரைகளையும் காத்திருக்கலாமென்று நாம் சொல்ல வரவில்லை. கரையைக் காப்பது வேறு. கரையின் கீழ் உறங்குவோரைக் காப்பது வேறு. முன்னது சில வேளை மனித யத்தனத்திற்கு அப்பாற்பட்டது. பின்னது எப்போதும் அப்பாற்பட்டதன்று.

இதற்கு அத்தாட்சி வேண்டுமாயின் மத்தியப் பிரதேசத்தைப் பார்க்கலாம். 2022ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தார் ஜில்லாவில் கட்டி முடியாத காரம் அணையில் கசிவு கண்டது. கட்டியவர்களின் யோக்கியதையைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் கசிவு கண்டவுடன் கீழேயிருந்த கிராமங்களிலிருந்து ஜனங்களை வெளியேற்றினர். பக்கவாட்டில் கால்வாய் வெட்டி நீரை வடித்தனர். அணையின் ஒரு பகுதி போயிற்று. ஓர் உயிரும் போகவில்லை. திவரேயிலும் கசிவைக் கண்டவர்கள் இருந்தனர். காரத்தில் கண்டவர் சொல் செவியில் ஏறிற்று, திவரேயில் ஏறவில்லை. வித்தியாசம் அவ்வளவே.

ஆந்திரத்தில் 2021ம் வருஷம் நவம்பர் 19ந் தேதி நேர்ந்தது மற்றொரு உண்மையைப் புலப்படுத்துகிறது. அப்போதைய கடப்பா ஜில்லாவில் செய்யேற்றின் மேற்பகுதியிலிருந்த பிஞ்சா என்ற சிறு நீர்த்தேக்கத்தின் கரை உடைந்து, அந்நீரும் சேர்ந்து கீழேயிருந்த அன்னமய்யா அணையின்மேல் மோதியது. அந்த அணையின் ஐந்து கதவுகளில் ஒன்று பழுதாகித் திறக்க முடியாமல் இருந்தது. மண் கரை அடித்துக்கொண்டு போகப்பட்டது. ஊர்கள் அழிந்தன. சிறியதைக் காக்காதவன் பெரியதையும் காக்க முடியாது என்பதற்கு வேறு சாட்சியம் தேவையில்லை. தமிழ் நாட்டு ஏரிகளோ ஒன்றின் கழிவு மற்றொன்றின் வரத்தாகச் சங்கிலிபோல் கோத்தவை. மேலே ஒரு யூனியன் ஏரி உடைந்தால் கீழேயுள்ள இலாகா ஏரி, அது எவ்வளவு நன்றாகப் பராமரிக்கப்பட்டிருந்தாலும், அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். நீருக்கு யூனியனும் இலாகாவும் தெரியாது.

ஆகையால் நாம் கோருவது பெரிய காரியமன்று. ஏரிகளை அவற்றின் உயரத்தைக்கொண்டு தரம் பிரிப்பதை விட்டு, உடைந்தால் யாருடைய வீடுகளில் நீர் புகும் என்பதைக்கொண்டு தரம் பிரிக்க வேண்டும். அதற்கு மத்தியச் சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜில்லாக் கலெக்டர் மனம் வைத்தால் ஒரு கோடையிலேயே முடிக்கலாம். கீழே ஜனங்கள் வசிக்கும் ஒவ்வோர் ஏரிக்கும் சம்பளம் பெறும் காவலாள் ஒருவர் வேண்டும். அவர் ஆணாயினும் பெண்ணாயினும் அவ்வூரிலேயே வசிப்பவராக இருக்க வேண்டும். எந்தச் சாதியாருக்கும் பரம்பரைக் கடமையாக அது திரும்பிவிடக் கூடாது. அவர் தெரிவித்த புகாரை எழுதிவைக்கப் பஞ்சாயத்தில் ஒரு புஸ்தகமும், அந்தப் பக்கத்தில் எஞ்சினீயர் வந்து பார்த்த தேதியும் கையெழுத்தும் வேண்டும். திவரேயில் அப்படியொரு புஸ்தகம் இருந்திருந்தால், கிராமவாசிகள் சொன்னார்களா இல்லையா என்ற விவாதத்திற்கே இடமிருந்திராது.

பணமில்லையென்று சொல்லப்படும். பெரிய அணைகளைப் புதுப்பிக்க உலக பாங்கியிடம் கடன் வாங்கும் தேசத்திற்கு, ஏரிக் காவலுக்குச் சம்பளம் கொடுக்கச் சக்தியில்லை என்பதை நாம் ஏற்பதற்கில்லை. தூர் வாரும் திட்டங்களுக்கு ஒதுக்கும் தொகையில் சிறு பங்கை ஒதுக்கினாலே போதும்.

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 2ந் தேதி நமது ராஜ்யத்தின் கிராமங்கள்தோறும் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முந்திய நாள் அது. அன்று படிக்கப்படும் தீர்மானங்களோடு, அவ்வூர் ஏரிக்கரையில் அவ்வருஷ மழைக்காலத்தில் இரவில் நடக்கப்போகிறவர் இன்னார், அவருடைய டெலிபோன் எண் இது, அவர் கூப்பிட்டால் வரவேண்டிய எஞ்சினீயர் இன்னார் என்று மூன்று வரிகளையும் சேர்த்துப் படிக்கும்படி சர்க்கார் உத்தரவிட வேண்டும். அந்த வரிகளில் பெயர் எழுத முடியாமல் வெறுமையாக விடப்படும் ஊர்களின் ஜாபிதாவை மறுநாளே கலெக்டர் ஆபீஸ் வாயிலில் ஒட்டவும் வேண்டும்.